அக்கிக்கு காவி பூசினால் போதுமா? முதல் 72 மணி நேரத்தைக் கோட்டை விட்டால் ஆபத்து!

திருவண்ணாமலை,

இது நெருப்பு ஊர். அண்ணாமலையார் அக்னி வடிவம். கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலை உச்சியில் தீ எரியும். லட்சக்கணக்கான ஜனங்கள் அண்ணாந்து பார்த்து "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று கும்பிடுவார்கள்.

இதே ஊரில் இன்னொரு நெருப்பும் உண்டு. அது மனுசன் உடம்பில் எரியும் நெருப்பு. அதற்கு "அக்கி" என்று பெயர்.

பழைய தமிழில் "அக்கி" என்றால் நெருப்பு என்றே அர்த்தம். அக்னி என்ற சொல்தான் அக்கி ஆனது. வந்தவர்களைக் கேட்டால் பெயர்ப் பொருத்தம் புரியும். "கொள்ளிக்கட்டையால சுட்ட மாதிரி இருக்கு" என்பார்கள்.

இந்த அக்கிக்கு மருந்து உண்டு. தடுப்பூசியும் வந்துவிட்டது. ஆனாலும் கண்ணைப் பறிகொடுப்பவர்கள் உண்டு. மாசக்கணக்கில் தூங்காமல் துடிப்பவர்கள் உண்டு. ஏன்?

காரணம் ஒன்றே ஒன்று. தாமதம்!

பல்லியா? பூச்சியா?

விலாவில் ஒரு பக்கமாக வலிக்கும். "வாயுப் பிடிப்பு" என்று சொல்லி பெருங்காயம் போட்ட மோர் குடிப்பார்கள். சிலர் மாரடைப்பு என்று பயந்து ஓடுவார்கள். வலி வந்து சில நாள் கழித்து அதே இடம் சிவக்கும். கொத்துக் கொத்தாக நீர்க் கொப்புளம் கிளம்பும். பட்டையாக, ஒரே பக்கத்தில், முதுகிலிருந்து நெஞ்சு வரை வளைந்து வரும்.

உடனே வீட்டில் விசாரணை ஆரம்பமாகும்.

"ராத்திரி படுக்கையில பல்லி மூத்திரம் பட்டிருக்கும்."

"இல்லக்கா, எட்டுக்கால் பூச்சி போயிருக்கும்."

"சூடு. உடம்புச் சூடுதான்."

மூன்றும் இல்லை. குற்றவாளி வெளியிலிருந்து வரவில்லை. அவன் பல வருஷமாக வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருந்தவன்!

சின்ன வயதில் அம்மை போட்டிருக்கும். சின்னம்மை, நீர்க்கொளுவான் என்று சொல்வார்கள். வேப்பிலை செருகி, தனியாகப் படுக்க வைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் "ஆத்தா இறங்கிட்டா" என்று நிம்மதி அடைவார்கள். கொப்புளம் ஆறும். ஆனால் கிருமி உடம்பை விட்டுப் போகாது. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும்.

20 வருஷம், 40 வருஷம், 60 வருஷம் கூட சத்தம் போடாமல் கிடக்கும். வயசு ஏறி, எதிர்ப்பு சக்தி குறைந்த சமயம் பார்த்து விழிக்கும். அந்த ஒரு நரம்பு வழியாகவே தோலுக்கு வரும். அதனால்தான் அக்கி ஒரு பக்கம் மட்டும், பட்டை பட்டையாக வருகிறது.

இந்த மர்மத்தில் துப்பு துலக்கியவர் பெரிய ஆராய்ச்சிக்கூட விஞ்ஞானி அல்ல. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சின்ன ஊரில் இருந்த ஒரு சாதாரண டாக்டர். பெயர் எட்கர் ஹோப்-சிம்ப்சன். தன்னிடம் வந்த நோயாளிகளின் விவரங்களை வருஷக்கணக்கில் எழுதி வைத்துப் பார்த்தார். "அக்கி என்பது பழைய சின்னம்மையின் மறுவருகைதான்" என்று 1965-ல் அறிவித்தார். பிற்பாடு ஆராய்ச்சிகள் அதையே உறுதிப்படுத்தின.

ஒரே குடும்பம்

டாக்டர்கள் இந்தக் கிருமிக் குடும்பத்தை "ஹெர்பிஸ்" என்கிறார்கள். கிரேக்க மொழியில் "ஊர்வது" என்று அர்த்தம். மனுசனைப் பிடிக்கும் ஹெர்பிஸ் கிருமிகள் மொத்தம் 8.

அதில் ஜனங்களுக்கு அடிக்கடி தொல்லை கொடுப்பவை மூன்று. ஒன்று, சின்னம்மையும் அக்கியும் தருவது. இரண்டாவது, உதட்டோரம் கொப்புளம் தருவது. காய்ச்சல் விட்டதும் வாயோரம் பொரிப்பொரியாக வருமே, அதுதான். மூன்றாவது, மர்ம உறுப்பில் புண் தருவது. இரண்டாவது கிருமியும் சில சமயம் அங்கே புண் உண்டாக்கும்.

மூன்றுக்கும் குணம் ஒன்றுதான். ஒரு தடவை உள்ளே நுழைந்தால் வெளியேறாது. நரம்பில் பதுங்கும். சமயம் பார்த்து வரும்.

குயவர் வீட்டுத் திண்ணை

அக்கி வந்ததும் நம் ஊர்ப்பக்கம் முதலில் போகும் இடம் ஆஸ்பத்திரி அல்ல. மண்பாண்டம் செய்கிறவர் வீடு.

அங்கே "அக்கி எழுதுவார்கள்". காவிக்கல்லைத் தண்ணீர் விட்டு இழைத்து, கொப்புளத்தின் மேலேயும் சுற்றியும் பூசுவார்கள். சில ஊர்களில் சிங்கம், நாய் போன்ற உருவம் வரைவதும் உண்டு. அக்கியை அந்த மிருகம் விரட்டிவிடும் என்பது நம்பிக்கை. சில நாள் தொடர்ந்து போய் எழுதிக்கொள்வார்கள்.

"எழுதின பிறகு எனக்கு நல்லாயிடுச்சே" என்று சொல்பவர்கள் ஏராளம். அவர்கள் பொய் சொல்லவில்லை. நல்லாகத்தான் ஆகியிருக்கும்.

ஆனால் ஏன் ஆனது? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

காவி எழுதினாலும் அக்கி ஆறும். எழுதாவிட்டாலும் ஆறும். பெரும்பாலோருக்கு கொப்புளம் 7 முதல் 10 நாளில் காய்ந்து பொருக்கு தட்டும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் உதிரும். அதுவாக ஆறுவதற்கு காவிக்கல் பெயர் வாங்கிக்கொள்கிறது!

ஈரக் காவி குளிர்ச்சி தரும். எரிச்சலுக்கு இதமாகவும் இருக்கும். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கிருமி இருப்பது தோலுக்கு மேலே அல்ல, நரம்புக்கு உள்ளே. அங்கே காவி போகாது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

"தலையும் வாலும் சேர்ந்தால் உயிர் போகும்" என்று சிலர் பயமுறுத்துவார்கள். அக்கி உடம்பைச் சுற்றி வளைத்து ஒன்று சேர்ந்தால் மரணம் என்பது கதை. அக்கி ஒரு பக்க நரம்போடு நின்று விடுவதுதான் வழக்கம். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

72 மணி நேரம்

அந்த ஆபத்தின் பெயர் நேரம்.

அக்கிக்கு மருந்து "அசைக்ளோவிர்". மாத்திரைதான். அதன் தம்பிகள் போல வாலசைக்ளோவிர், பாம்சைக்ளோவிர் என்ற மாத்திரைகளும் உண்டு. கிருமி பெருகுவதை இவை தடுக்கும். கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள், அதாவது மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன்.

எடுத்துக்காட்டாக, தேரடி வீதியில் பூ விற்கும் 60 வயது அம்மா ஒருவருக்கு வெள்ளிக்கிழமை அக்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் பல்லி மேல் பழி போடுகிறார்கள். இரண்டாம் நாள் காவி எழுதப் போகிறார். அடுத்த இரண்டு நாளும் எழுதுகிறார். குறையவில்லை என்று செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வருகிறார். மூன்று நாள் முடிந்துவிட்டது. காவி அவரைக் கெடுக்கவில்லை. காவிக்காக காத்திருந்த நேரம்தான் கெடுத்தது!

மூன்று நாள் தாண்டிவிட்டால் போகவே கூடாது என்று அர்த்தம் இல்லை. புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தாலோ, கண் பக்கம் வந்திருந்தாலோ, அப்போதும் டாக்டர் மருந்து கொடுப்பார். ஆனால் பலன் குறையும்.

இந்த மாத்திரைக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். அமெரிக்காவைச் சேர்ந்த கெர்ட்ரூட் எலியன். டாக்டர் பட்டப் படிப்பை முடிக்க முடியாமல் வேலைக்குப் போனவர். 1970-களில் அவரும் அவரது சகாக்களும் அசைக்ளோவிர் மருந்தைக் கொண்டு வந்தார்கள். 1988-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. இன்று அந்த மருந்து இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் மருந்துக் கடையில் தானாக வாங்கி விழுங்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஆறிய பிறகும் எரியும்

அக்கி வந்தவர்களில் பத்தில் ஒருவருக்காவது, புண் ஆறிய பிறகும் வலி போகாது. மூன்று மாசத்துக்கு மேலும் நீடிக்கும். சிலருக்கு வருஷக்கணக்கில். சட்டைத் துணி உரசினால் கூட உயிர் போகும். வயசானவர்களுக்குத்தான் இது அதிகம். நரம்பு பழுதாகிவிடுவதால் வரும் வலி இது. சாதாரண வலி மாத்திரைக்கு மசியாது.

அடுத்த ஆபத்து கண். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் கொப்புளம் வந்தால் அதை அபாயச் சங்காக நினைக்க வேண்டும். கண்ணுக்குப் போகும் நரம்பின் கிளைதான் மூக்கு நுனிக்கும் வருகிறது. அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்காவிட்டால் பார்வை போகலாம். அந்த இடத்தில் காவி பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போன பார்வையை யாரால் திருப்பித் தர முடியும்?

காதுப் பக்கம் வந்தால் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். காதும் கேட்காமல் போகலாம். கனடா பாடகர் ஜஸ்டின் பீபருக்கு 2022-ல் இதுதான் வந்தது. அப்போது அவருக்கு வயது 28. பாதி முகம் அசையாமல் நிகழ்ச்சிகளை ரத்து செய்தார். கோடீசுவரர் என்று கிருமி பார்ப்பதில்லை.

வாலிபருக்கு வந்தால்...

அக்கி பெரும்பாலும் 50 வயதுக்கு மேல்தான் வரும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும், புற்றுநோய் சிகிச்சை பெறுபவர்களுக்கும், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் முன்னாலேயே வரலாம்.

இதெல்லாம் இல்லாத 25, 30 வயது ஆளுக்கு அக்கி வந்தால்? பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது. ஆனாலும் டாக்டர்கள் எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கச் சொல்வார்கள். எதிர்ப்பு சக்தி குறைந்திருப்பதை அக்கி முதலில் காட்டிக் கொடுப்பதுண்டு.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்தம், நம் பக்கத்து ஊரான வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில்தான் பரிசோதிக்கப்பட்டது. அன்று மருந்து இல்லை. இன்று இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி "நம்பிக்கை மையத்தில்" இலவசமாக டெஸ்ட் செய்கிறார்கள். முடிவை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ம் வருஷத்து எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது.

குயவர் வீட்டுத் திண்ணையில் இந்த டெஸ்ட் நடக்காது. அக்கி கொடுத்த எச்சரிக்கை, காவிக்கு அடியில் மறைந்து போகும்.

வெட்கப்பட்டால் லாபம் யாருக்கு?

இனி, அக்கியின் பங்காளி. மர்ம உறுப்பில் வரும் ஹெர்பிஸ்.

உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் ஒரு கணக்கு வெளியிட்டது. 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் 84 கோடியே 60 லட்சம் பேருக்கு இந்தக் கிருமி இருக்கிறதாம். உலகத்தில் அந்த வயதில் இருப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல்!

பெரும்பாலோருக்கு அது தங்களிடம் இருப்பதே தெரியாது. புண் இல்லாத சமயத்திலும் தொற்றும். அதனால்தான் "யார் கொடுத்தது, எப்போது வந்தது" என்று புருசன் பெண்சாதிக்குள் சண்டை போடுவதில் அர்த்தம் இல்லை. பல வருஷத்துக்கு முன் வந்த கிருமி இன்றைக்குத்தான் புண்ணாகத் தெரியலாம்.

இந்த நோயில் கிருமியை விடப் பெரிய எதிரி வெட்கம். ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற பயம். அந்தப் பயத்தில் காசு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். லாட்ஜில் ரூம் போட்டு "பரம்பரை வைத்தியம், நிரந்தரத் தீர்வு, ரகசியம் காக்கப்படும்" என்று நோட்டீஸ் அடிப்பவர்கள்.

ஒன்றை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஹெர்பிஸை அடியோடு ஒழிக்கும் மருந்து இன்று வரை உலகத்தில் எங்கும் இல்லை. "நிரந்தரமாகக் குணப்படுத்துகிறேன்" என்று யார் சொன்னாலும் அது மோசடி. பால்வினை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ம் வருஷத்து சட்டம் தடை செய்கிறது. சட்டம் வந்து 70 வருஷம் ஆகியும் நோட்டீஸ் நிற்கவில்லை.

ஒழிக்க முடியாதே தவிர, அடக்க முடியும். அதே அசைக்ளோவிர் மாத்திரை புண்ணைச் சீக்கிரம் ஆற்றும். அடிக்கடி வருபவர்களுக்கு தினமும் சாப்பிடும்படி டாக்டர் சொல்வார். இப்படி தினமும் வாலசைக்ளோவிர் சாப்பிட்டவர்களிடமிருந்து ஜோடிக்குத் தொற்றுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2004-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. ஆணுறையும் ஆபத்தைக் குறைக்கும். உறை மூடாத இடத்திலும் கிருமி இருக்கலாம் என்பதால் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. புண் இருக்கும்போது தாம்பத்தியம் கூடவே கூடாது.

தமிழக அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே "சுகவாழ்வு மையம்" இருக்கிறது. 1097 என்ற எண்ணுக்கு போன் செய்தால் பெயர் சொல்லாமலே சந்தேகம் கேட்கலாம். காசு கிடையாது.

இதில் அலட்சியம் கூடாத காரணம் இன்னொன்று. இரண்டாம் வகை ஹெர்பிஸ் கிருமி உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு. புண் கதவைத் திறந்து வைக்கிறது. கள்ளன் உள்ளே வருகிறான்.

கர்ப்பிணிகள் கவனத்துக்கு

கர்ப்பிணிக்கு கடைசி மாசங்களில் முதன்முதலாக இந்தக் கிருமி தொற்றினால், பிரசவத்தின்போது குழந்தைக்குப் போகலாம். இது அபூர்வம்தான். ஆனால் போனால் பச்சைக் குழந்தையின் மூளையைத் தாக்கும், உயிரையும் பறிக்கும். "புண் இருந்தது, இருக்கிறது" என்று நர்சம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். மருந்து கொடுப்பார்கள். தேவைப்பட்டால் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுப்பார்கள். சொல்லாமல் மறைத்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு விஷயம். வாயோரம் கொப்புளம் இருப்பவர்கள், அத்தையானாலும் சித்தியானாலும், பிறந்த குழந்தையைக் கொஞ்சி முத்தம் கொடுக்கக் கூடாது. தாய்மாமன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை!

தடுப்பூசி: வந்ததும் வராததும்

ஜப்பான் டாக்டர் மிச்சியாக்கி தகஹாஷியின் மகனுக்கு 1964-ல் கடுமையான சின்னம்மை வந்தது. விடிய விடிய பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த தகப்பனார், "இதற்கு ஊசி கண்டுபிடிப்பேன்" என்று முடிவு செய்தார். 1974-ல் கண்டுபிடித்தார். இன்று உலகம் முழுவதும் போடப்படும் சின்னம்மைத் தடுப்பூசி அந்த வழியில் வந்ததுதான்.

அமெரிக்காவில் 1995 முதல் குழந்தைகளுக்கு அதைப் போடுகிறார்கள். நம் நாட்டில் தனியார் டாக்டரிடம் கிடைக்கிறது. அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை.

அக்கிக்கும் ஊசி வந்துவிட்டது. "ஷிங்ரிக்ஸ்" என்று பெயர். 2017-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2023-ல் இந்தியாவுக்கு வந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு டோஸ். இடைவெளி இரண்டு முதல் ஆறு மாதம். பரிசோதனையில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 97 சதவீதமும், 70 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் ஏறக்குறைய 90 சதவீதமும் அக்கியைத் தடுத்தது. கை வலி, ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் வரலாம்.

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் நடந்த ஆராய்ச்சி 2025-ல் வெளியானது. அங்கே பழைய வகை அக்கித் தடுப்பூசி போட்ட முதியவர்களுக்கு மறதி நோய் வருவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்ததாம். எப்படி என்று இன்னும் விளங்கவில்லை. ஆராய்ச்சி நடக்கிறது.

சரி, மர்ம உறுப்பு ஹெர்பிசுக்கு ஊசி எங்கே? வரவில்லை. பல வருஷமாக முயற்சி செய்து தோற்றுக்கொண்டே இருக்கிறார்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் போட்டுப் பார்த்த ஊசியின் முடிவு 2012-ல் வந்தது. இரண்டாம் வகைக் கிருமியைத் தடுக்கவில்லை. அக்கி ஊசி தயாரிக்கும் அதே ஜி.எஸ்.கே. கம்பெனி, ஏற்கெனவே ஹெர்பிஸ் உள்ளவர்களுக்காக ஒரு ஊசி செய்து பார்த்தது. எதிர்பார்த்த பலன் இல்லை என்று 2024 செப்டம்பரில் அறிவித்தது. கொரோனா ஊசி தயாரித்த மாடர்னாவும் பயோன்டெக்கும் புது வழியில் முயற்சியில் இறங்கின. கிருமியின் மரபணுவையே வெட்டி எறியும் வித்தையை அமெரிக்க விஞ்ஞானிகள் எலிகளிடம் சோதித்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். எலியிலிருந்து மனுசனுக்கு வர வருஷங்கள் ஆகும்.

ஒரே குடும்பத்துக் கிருமிதானே? ஒன்றுக்கு முடிந்தது, இன்னொன்றுக்கு ஏன் முடியவில்லை?

சின்னம்மை ஒரு முறை வந்தால் பெரும்பாலும் மறுபடி வருவதில்லை. அதாவது அதை எப்படி அடக்குவது என்று நம் உடம்புக்கே தெரியும். வயசானதும் அந்தக் காவல் தூங்குகிறது. அக்கி ஊசி செய்வது, தூங்கும் காவல்காரனைத் தட்டி எழுப்பும் வேலை மட்டுமே. ஆனால் மற்ற ஹெர்பிஸ் கிருமி, உடம்பின் காவல் விழித்திருக்கும்போதே ஏமாற்றிவிட்டுத் திரும்பத் திரும்ப வருகிறது. உடம்புக்கே தெரியாத வித்தையை ஊசி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அதுதான் தடங்கல்.

ஏழைக்கு எட்டுமா?

ஆக, அக்கியைத் தடுக்க முடியும். ஆனால் யாரால் முடியும் என்பதுதான் கேள்வி.

இரண்டு டோஸ் ஷிங்ரிக்ஸ் போட பல ஆயிரம் ரூபாய் செலவாகும். கிரிவலப் பாதையில் எலுமிச்சம் பழம் விற்பவரால் முடியுமா? அஷ்டலிங்கக் கோயில்களுக்கு வெளியே படுத்திருக்கும் வயசான சாமியார்களால் முடியுமா? கம்பெனி விளம்பரம் பார்த்துப் போட்டுக்கொள்வது வசதி உள்ளவர்கள்தான்.

பிரிட்டனில் 2013 முதல் முதியவர்களுக்கு அக்கித் தடுப்பூசியை அரசே இலவசமாகப் போடுகிறது. இங்கே குழந்தைகளுக்கான சின்னம்மை ஊசியே இலவசப் பட்டியலில் இல்லாதபோது, தாத்தா பாட்டி ஊசி எப்போது வரும்?

சிக்கலும் உண்டு. அம்மை நோய், நிமோனியா, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று வரிசையில் நிற்கும் நோய்கள் பல. அரசுப் பணத்தில் எதற்கு முதலிடம் என்று அதிகாரிகள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. உயிரைப் பறிக்கும் நோய்க்குத்தான் முதல் மரியாதை. அக்கி பெரும்பாலும் உயிரை எடுப்பதில்லை. நிம்மதியை எடுக்கிறது. அதனால் கணக்கில் பின்னால் தள்ளப்படுகிறது.

ஆனால் ஊசி வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. மூன்று நாளுக்குள் மாத்திரை என்ற ஒரு விஷயத்துக்குப் பெரிய செலவு கிடையாது. அந்தச் செய்தி ஜனங்களுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

போய்ச் சேர வழியும் இருக்கிறது. 2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அக்கி வர அதிக வாய்ப்புள்ள வயசானவர்களும் சர்க்கரை வியாதிக்காரர்களும் அதே வீடுகளில்தான் இருக்கிறார்கள். மாத்திரை கொடுக்க வரும் பெண் ஊழியர், "ஒரு பக்கமா கொப்புளம் வந்தா மூணு நாளைக்குள்ள ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க பாட்டி" என்று ஒரு வார்த்தை சொல்லலாமே!

இன்னொரு வழி, யாரும் யோசிக்காத வழி. மண்பாண்டத் தொழிலாளர்கள். அக்கி வந்தவர் முதலில் போவது அவர்களிடம்தான். அவர் பேச்சுக்கு ஊரில் மரியாதை உண்டு. அவர்களை விரட்டுவதில் பயன் இல்லை. அவர்களைக் கூப்பிட்டுப் பேசினால் பயன் உண்டு. "எழுதறது எழுதறேன். ஆனா இன்னைக்கே டாக்டரைப் பாத்துட்டு வா" என்று அவர் சொன்னால், எந்த நோட்டீசும் செய்யாத வேலையை அது செய்யும்.

என்ன செய்ய வேண்டும்?

ஒரு பக்கமாக எரிச்சலும் கொப்புளமும் வந்தால் மூன்று நாளுக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி திருவண்ணாமலையிலேயே இருக்கிறது. சென்னைக்கோ வேலூருக்கோ ஓட வேண்டியதில்லை.

நெற்றி, மூக்கு, கண், காது பக்கம் வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

கொப்புளத்தைக் கிள்ளக் கூடாது. சுத்தமாக வைத்து துணியால் மூட வேண்டும். கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராத குழந்தைக்குச் சின்னம்மை வரும். அம்மை வராத கர்ப்பிணியும் பக்கத்தில் போகக் கூடாது. பொருக்கு தட்டிய பிறகு பயம் இல்லை.

பௌர்ணமி கிரிவலம் போக நினைப்பவருக்கு அம்மையோ அக்கியோ இருந்தால், அந்த 14 கிலோ மீட்டரை அடுத்த பௌர்ணமிக்குத் தள்ளிப் போடலாம். மலை அங்கேயேதான் இருக்கும்.

மர்ம உறுப்பில் புண் என்றால் லாட்ஜ் வைத்தியரிடம் போகக் கூடாது. சுகவாழ்வு மையத்துக்குப் போக வேண்டும். வசதி உள்ள 50 வயதுக்காரர்கள் ஊசி பற்றி தங்கள் டாக்டரிடம் கேட்கலாம்.

கார்த்திகை வந்தால் இந்த ஊரில் வீட்டு வாசல்தோறும் அகல் விளக்கு எரியும். அந்த அகலைச் செய்வதும் அக்கி எழுதும் அதே கைகள்தான். அந்தக் கைகள் ஆஸ்பத்திரி இருக்கும் திசையைக் காட்ட ஆரம்பித்தால், எத்தனையோ வீடுகளில் எத்தனையோ கண்கள் அந்த விளக்கைத் தொடர்ந்து பார்க்கும்.